பொன்னுலிங்கம் அண்ணாச்சி விற்காத ஷீல்டு

செய்தி வந்தபோது நான் ஒருவருடைய கடைவாய்ப்பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பார்த்துச் சொல்வது மட்டும்தான் என் வேலை. கருவி பிடிப்பது என்னிடம் பணிபுரியும் இளைய மருத்துவர். போனில் என் கணவர்.

"பொன்னுலிங்கம் அண்ணாச்சி போயிட்டாராம். காலைல கடையைத் திறந்து, நாற்காலியில உக்காந்தவர் எழுந்திருக்கலையாம்."

"சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. ஏமாற்றம். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தேன். "டாக்டரம்மா, தப்பு உங்க மேல இல்ல" என்று அவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமலேயே போய்விட்டார்.

இதைப் பதினாறாம் நாள் நினைவு மலருக்காக எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் அவருடைய மகள் சண்முகப்ரியா. முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். "மத்த எல்லாரும் அப்பா தங்கமானவருன்னு எழுதித் தந்துட்டாங்க டாக்டர். வாசிச்சா யாரோ வேற ஆளைப் பத்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. நீங்களாச்சும் எங்கப்பாவை எழுதுங்க" என்றார். ஆகவே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அறியாதவர்கள் இதை நம்பலாம்.

தூத்துக்குடியில் மரம் கடையும் ஆசை யாருக்கு வந்தாலும் அவர் கடைக்குத்தான் போயாக வேண்டும். துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் சந்தில், இரும்புச் சாமான்களும் எந்திரங்களும் விற்கும் கடை. பொன்னுலிங்கம் அண்ணாச்சி பொறியியல் படித்தவர். கடையின் பின்கட்டில் மரத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரம், கடைசல் லேத், ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். வியாபாரம் அப்பா விட்டுப்போனது என்பார், கடைசல் தன் சொந்தப் பைத்தியம் என்பார். அந்தப் பைத்தியம் பிடித்து வருகிறவர்களை அவர் நடத்திய விதம் இருக்கிறதே, என் நாற்காலியில் அப்படி ஒருவரை நடத்தினால் என் ஆஸ்பத்திரிக்கு மறுநாள் ஈ கூட வராது.

எனக்கு அந்த ஆசை வந்த கதை சின்னது. வாழ்நாள் முழுக்கப் பிறர் வாய்க்குள் வேலை செய்தவளுக்கு, எச்சில் படாத ஒன்றைக் கையால் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒரு மரக்கிண்ணம். அவ்வளவுதான். கைபேசியில் ஒரு பெரிய லேத்தின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சி படத்தைப் பார்க்கவே இல்லை.

"எதுக்கு?" என்றார்.

"பொழுதுபோக்குக்கு."

"பொழுது போகணும்னா பீச்சுக்குப் போங்க. என்ன செய்யப் போறியன்னு கேக்கேன். கட்டையா, கிண்ணமா?"

சப்பாத்திக்கட்டை, மத்து, பம்பரம் போல நீளவாக்கில் கடைவது ஒரு வகை, கிண்ணமும் தட்டும் இன்னொரு வகை, அதற்கான உளி வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டும் என்றேன்.

"ரெண்டும்னு ஒண்ணுந் தெரியாதவியதான் சொல்லுவாவ. இதுக்கான உளியை எடுத்து அதுல வச்சா, மரம் உளியைப் பிடுங்கி உங்க மேலயே எறியும்."

இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கடையில் அப்போது ஆட்கள் நின்றார்கள். அண்ணாச்சிக்கு ஆட்கள் நின்றால்தான் தொண்டை திறக்கும்.

அலமாரியில் எட்டு உளிகள் அடங்கிய அழகான மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கேட்டேன். "பொட்டி நல்ல பொட்டி. வீட்ல நகை வச்சுக்கிடலாம். உளி பூரா வெண்ணெய். ஒரு பூவரசங்கட்டைக்குத் தாங்காது" என்றார். பிறகு எதற்காக விற்பனைக்கு வைத்திருக்கிறீர்கள் என்றேன். "பரிசு குடுக்கிறவனுக்கு" என்றார். எனக்கென்று மூன்றே உளிகளை எடுத்து மேசையில் போட்டார். கட்டையின் மூலைகளை உடைத்து உருட்டுவதற்குக் கனமான குழி உளி ஒன்று, வடிவம் கொடுக்கச் சின்னக் குழி உளி ஒன்று, வெட்டி எடுக்கத் தட்டையானது ஒன்று. கிண்ணத்துக்கான உளி எங்கே என்று கேட்டதற்கு, "மொதல்ல உருட்டப் படிங்க" என்று பதில் வந்தது.

அதற்கும் முந்தி, லேத் வாங்குகிறோமோ இல்லையோ, சாணை எந்திரம் வாங்கியே ஆக வேண்டும் என்றார். மழுங்கிய உளிதான் ஆபத்தானது, தீட்டத் தெரியாதவருக்குத் தங்க உளி கொடுத்தாலும் வீண் என்று ஒரு பிரசங்கம். நான் பொறுமை இழந்தேன். "அண்ணாச்சி, நான் பல் டாக்டர். தினமும் கருவி தீட்டுகிறவள். உங்கள் உளியைவிடச் சின்னக் கருவி, உங்களைவிடக் கூர்மையாக" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லு சுத்தாதுல்லா, டாக்டரம்மா."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிறவர் அவர். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு அவர் மேல் இருக்கும் ஆத்திரம்.

அவர் சொன்னதில் பெரும்பாதி சரி, அதுதான் எரிச்சல். படத்தில் நான் காட்டிய பெரிய லேத் வேண்டாம், மேசைமேல் வைக்கிற சின்னதே போதும், ஆனால் அடிப்பகுதி வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும், தகரத்தை மடித்துச் செய்தது அதிரும் என்றார். வாங்கினேன், அதிரவில்லை. என் வீட்டுக்கே வந்து, என்னை நிற்கச் சொல்லி, முழங்கையின் உயரத்தைச் சாணால் அளந்து, லேத்தின் மையம் அந்த உயரத்தில் வரும்படி மேடையை ஏற்றிக் கட்டச் சொன்னார். முதுகு வலிக்கவில்லை. லேத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிடுங்கி வெளியே எறிந்தார். "இந்த உப்புக்காத்துல பிளாஸ்டிக்குக்குள்ள வேர்க்கும். ஒரே மழைக்காலத்துல இரும்பு செம்மண்ணாயிரும். வேலை முடிஞ்சதும் எண்ணெயத் தடவி, பழைய வேட்டியப் போட்டு மூடுங்க. சார் வேட்டி இருக்கும்லா?" என்றார். என் கணவர் உடனே ஒரு வேட்டியை எடுத்து வந்து நீட்டினார். புது வேட்டி. அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

இனி, அவர் தவறாகச் சொன்ன ஒன்று. மலரில் வேறு யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

சாமான்கள் வாங்கிய அன்று, முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். நெற்றியில் பட்டை, கீழே மோவாய் வரை தொங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். ஷீல்டு என்பார்கள். மருத்துவர்களுக்குப் பழக்கமான பொருள். அண்ணாச்சி அதை மட்டும் திரும்ப எடுத்து, தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டார்.

"அது வேண்டாம்."

"ஏன்?"

"நம்ம ஊர்க்காத்துக்கு உள்ள ஆவி அடிச்சிரும். ஒண்ணுந் தெரியாது. தெரியாம உளி பிடிச்சாத்தான் கை போகும். அதான் கண்ணாடி போட்டிருக்கியள்லா, போதும்."

நான் போட்டிருந்தது பழைய காலத்துக் கனமான மூக்குக்கண்ணாடி. பிளாஸ்டிக் வில்லையில் கீறல் விழும் என்று உண்மையான கண்ணாடி வில்லையே போட்டுவந்தேன். உளியையும் எந்திரத்தையும் சரியாகச் சொன்னவர் இதையும் சரியாகத்தான் சொல்வார் என்று நம்பினேன். அவரும் ஷீல்டு போட்டதில்லை. கடலோரத்தில் கடைகிற யாரும் போட்டதில்லை. ஈரக்காற்றைக் காரணம் காட்டி ஊரே வெறும் முகத்தோடு நின்றது.

மூலை உருட்டி, மத்து கடைந்து, சப்பாத்திக்கட்டைகள் செய்து உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தபின் ஒருநாள் அண்ணாச்சி கிண்ண உளியை எடுத்துத் தந்தார். கூடவே ஒரு கட்டையும் இலவசம். கப்பல் கட்டை. கப்பலில் சரக்கு நகராமல் அண்டைகொடுத்து வரும் கனத்த மரங்களைத் துறைமுகத்தில் மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். எந்தத் தேசத்து மரம், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. அண்ணாச்சிக்கு அதன்மேல் அப்படியொரு மோகம். சிவப்பாக, கல்லைப் போலக் கனமாக இருந்தது. "இதுல போடுங்க உங்க மொதக் கிண்ணத்தை. நானே பாத்து எடுத்தது" என்றார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே பரிசு அது.

எந்திரத்தை மிக மெதுவான வேகத்தில் வைத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன். வேகத்தை மாற்றுவதற்கு உள்ளே பெல்ட்டைப் படி மாற்றிப் போட வேண்டும். அதை ஆக மெதுவான கடைசிப் படியில்தான் போட்டிருந்தேன். கட்டை சுற்றியது, உளியை வைத்தேன், செதில் அழகாக உரிந்து வந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு உளி எதிலோ இடித்தது. கட்டை பிளந்தது. ஒரு துண்டு என் இடது கண்ணாடி வில்லையில் அடித்து, வில்லை உடைந்து கண்ணுக்குள் போனது.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வையை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் எது கிட்டே, எது எட்ட என்று தெரியும். பல்லின் வேருக்குள் ஊசி நுழைக்கிற தொழிலில் அது தெரியாவிட்டால் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். வைத்துவிட்டேன். நான் நன்றாகச் செய்த வேலை அது.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆத்தூரிலிருந்து வெற்றிலைக் கட்டு சுமந்து விற்க வருகிறவரைப்போல ஒரு பெரிய பையில் பழங்களை அடைத்துக்கொண்டு வந்தார். பையைக் கட்டிலருகே இறக்கி வைத்தார். பிறகு கேட்டார்: "வேகத்தக் கூட்டிட்டியளோ, டாக்டரம்மா?"

கட்டுப்போட்ட கண்ணோடு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

நான் மதுரையில் இருக்கும்போதே அவர் எங்கள் வீட்டுக்கும் போயிருக்கிறார். "லேத்துக்கு எண்ணெய் போட்டுட்டுப் போனார். ரொம்ப நேரம் அங்கேயே குனிஞ்சு உக்காந்திருந்தார்" என்று என் கணவர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியின் கண் போனாலும் அவருடைய எந்திரம் துருப்பிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப்பின் அவர் கடைப்படியை நான் மிதிக்கவில்லை.

கடைவதை விடவில்லை. அவருக்காக அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஷீல்டு வாங்கி, ஒற்றைக் கண்ணுக்குக் கையைப் பழக்கி, மெதுவாக மறுபடி தொடங்கினேன். வேண்டியதையெல்லாம் ஆன்லைனில் வரவழைத்தேன். அவர் சும்மா இருப்பாரா? யார் மூலமாவது சேதி வரும். "அந்தக் கம்பெனி சக் வாங்க வேண்டாம்னு அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு." கட்டையைக் கவ்விப் பிடிக்கிற பாகம்தான் சக். உடனே அதையே வாங்குவேன். சில சமயம் அது நன்றாகவே உழைத்தது, அப்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் அவர் எழுந்து நிற்பார். நான் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்து நடந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருக்கும். ஊரில் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசத் தெரிந்தவருக்கு என்னிடம் மட்டும் ஒரு வாக்கியம் வரவில்லை.

அவர் இறந்த அன்று சாயங்காலம் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், கால் போய்விட்டது. பந்தலில் ஒருவர் எழுந்து, கடிந்து ஒரு சொல் பேசாத மனிதர் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவரும் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அவர் பெயர் நூகு, காயல்பட்டினத்துக்காரர். துபாய் வேலையை விட்டு வந்தபின் கடைசல் கற்றுக்கொள்கிறவர்.

"என்னைய மொத நாளே வெளிய போன்னாரு" என்றார் என்னிடம். "பெரிய லேத்துதான் வேணும்னு நின்னேன். லேத்து, உளி எதுவும் கண்ணுல காட்டல. மொதல்ல ஷீல்டு எடுத்துக் கையில குடுத்தாரு. இதப் போட்டு மூஞ்சியக் காட்டு, பொறவு பேசுவோம்னாரு. எல்லாருக்கும் அப்படித்தானாம்."

"எப்போதிலிருந்து?" என்றேன்.

"ஒரு ஆளோட கண்ணு போனதிலேருந்து. அந்தக் கதையச் சொல்லாம யாருக்கும் எதுவும் விக்க மாட்டாரு. அவங்க ஷீல்டு எடுத்தாங்க, நாந்தான் பிடுங்கி மாட்டுனேன்பாரு. கப்பல் கட்டையும் நாந்தான் குடுத்தேன், உள்ள ஆணி முறிஞ்சு கெடந்திருக்கு, பாக்காமக் குடுத்திட்டேன்பாரு. வேகம் கூட்டிருப்பாங்களோன்னு சந்தேகப்பட்டு அவங்க வீட்டுக்கே போய்க் குனிஞ்சு பாத்தாராம். பெல்ட்டு கடைசிப் படியிலதான் கெடந்துச்சாம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு பூரா என் மேலதான், இந்த ஊர்ல அதைவிட நல்ல கை கெடையாதுன்னு..."

அங்கே அவர் நிறுத்திவிட்டார். என் மூக்குக்கண்ணாடியில் இடது வில்லை மட்டும் மங்கல் கண்ணாடி. அதைப் பார்த்துவிட்டார். "டாக்டர்" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நூகிடம் சொல்லியிருக்கிறார். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர் நாசரேத்திலிருந்து கடைசல் கற்க வந்த ஒரு வாத்தியாருக்குத் தெரியும், ஒரு வங்கி மேலாளருக்குத் தெரியும், பேர் மட்டும் தெரியாமல் ஊருக்கே தெரியும். கேட்க வேண்டியவள் ஒருத்தி, அவளிடம் மட்டும் சொல்லவில்லை. நான் கடைக்குப் போயிருந்தால் சொல்லியிருப்பார் என்று இப்போது சிலர் சமாதானம் சொல்கிறார்கள். நான் ஏன் போக வேண்டும்? எங்கள் வீட்டுக்கு வழி அவருக்குத் தெரியும். என் முழங்கை எத்தனை சாண் உயரம் என்பதுகூடத் தெரியும்.

வீட்டில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபின் சண்முகப்ரியா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். நாற்காலிக்குப் பின்னால் அதே ஆணியில் அதே ஷீல்டு. பட்டை மஞ்சளடித்துப் போயிருந்தது. ஆனால் தூசி இல்லை.

"இதை யார் கேட்டாலும் குடுக்க மாட்டாரு" என்றார். "அது ஒருத்தவிய எடுத்து வச்சதும்பாரு. அது நீங்கதானே டாக்டர்?"

எடுத்து மாட்டிக்கொண்டேன். பின்கட்டில் அவருடைய லேத்தின் முன்னால் போய் நின்றேன். பழைய வேட்டி போர்த்தியிருந்தது. சன்னல் வழியே கடற்காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் ஷீல்டின் உட்புறம் வெள்ளையாக ஆவி படிந்து, லேத்தும் தெரியவில்லை, வேட்டியும் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் கூடுதலாகவே படிந்திருக்கும். கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டினேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி ஆவி அடிக்கத்தான் செய்கிறது. துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தீர்களா? என்னிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். உங்களை நான் மன்னிக்கவில்லை. ஷீல்டை எடுத்துக்கொண்டு போகிறேன், அது நான் எடுத்து வைத்தது. நீங்கள் போய் வாருங்கள்.